நாய்க்கயிறு குறுக்கே இருக்கும்போது சைக்கிள்காரர் என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வேலைக்குப் போக வர பிரிஸ்டல்–பாத் ரயில்வே பாதையில் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். போன வாரம் முன்னால் ஒரு வயதான அம்மா இடது ஓரமாக நடந்துகொண்டிருந்தார். அவருடைய நாய் வலது ஓரத்துப் புல்லை மோந்துகொண்டிருந்தது. நடுவில் மெல்லிய கயிறு ஒன்று இழுபட்டுக் கிடந்தது உங்கள் கண்ணில் படவில்லை. பெல் அடித்தீர்கள், நடுவில் புகுந்து போகப் பார்த்தீர்கள், கடைசி நொடியில் கயிற்றைக் கண்டு பிரேக்கை அழுத்தி விழுந்தீர்கள். முழங்கையில் சிராய்ப்பு. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் திட்டினார், நீங்களும் பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டீர்கள். "தப்பு யார் மேல்? இனிமேல் எப்படிப் போவது?" இதுதான் கேள்வி.

நான் அந்தப் பாதையில் 11 வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். 6 வருடமாகக் கருப்பன் என்கிற லாப்ரடார் நாயை அதே பாதையில் நடக்கக் கூட்டிப்போகிறேன். இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குத் தெரியும். என் பதில் இது: இருவரிடமும் பிழை உண்டு, ஆனால் கூடுதல் பொறுப்பு உங்களுடையது. பின்னாலிருந்து வந்தவர் நீங்கள். முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் இல்லை. இன்னும் சில நொடியில் என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க முடிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

அந்தப் பாதை எப்படி வந்தது என்று தெரிந்தால் அங்கே நடக்கும் சண்டைகளில் பாதி புரியும். ஒரு காலத்தில் மிட்லாண்ட் ரயில்வேயின் ரயில்கள் ஓடிய தடம் அது. ரயில் நின்றுபோன பிறகு, 'சைக்கிள்பேக்' என்ற உள்ளூர்க் குழு தன்னார்வலர்களின் உழைப்போடு 1979-லிருந்து 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாக அங்கே பாதை போட்டது. அந்தக் குழுதான் பின்னாளில் 'சஸ்ட்ரான்ஸ்' என்று நாடறிந்த அமைப்பாக வளர்ந்தது. மொத்தம் 13 மைல், அதாவது 21 கிலோமீட்டர். சைக்கிள்காரர்கள் கையால் உண்டான பாதை என்பதால் 'இது எங்கள் பாதை' என்ற நினைப்பு எங்களில் பலருக்கு உண்டு. ஆனால் நடப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் அதைப் போட்டார்கள். சக்கர நாற்காலிக்காரர், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர், நாயோடு வருபவர் எல்லோருக்கும் அங்கே உங்களுக்கு உள்ள அதே உரிமை இருக்கிறது.

ரயில் தடம் என்பதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரயில் செங்குத்தான மேட்டில் ஏறாது. அதனால் கூடியமட்டும் சமமாகவும் நேராகவும் மண்ணை வெட்டித் தடம் போட்டிருப்பார்கள். ஸ்டேபிள் ஹில்லில் குன்று குறுக்கிட்டபோது அதைச் சுற்றிப் போகாமல் 471 மீட்டருக்குச் சுரங்கம் தோண்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட தடத்தில் மிதித்தால் மூச்சு வாங்காமலே 25 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும், வேகமாகப் போகிறோம் என்றே தோன்றாது. கார்கள் ஓடும் சாலையில் 25 என்பது மந்தமான வேகம். ஏறக்குறைய 3 மீட்டர் அகலமுள்ள பாதையில், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் அது ஐந்து மடங்கு.

இதைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும். அதற்குள் 7 மீட்டர் போய்விட்டது. காய்ந்த தாரில் நல்ல பிரேக் இருந்தால் இன்னும் 6 மீட்டரில் நிற்கலாம். மொத்தம் 13. அதே சைக்கிள் 12 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 5 மீட்டருக்குள் நின்றுவிடும். கைப்பிடிக்குள் சுருண்டுகொள்ளும் வகை நாய்க்கயிற்றில் பரவலாக விற்பது 5 மீட்டர், 8 மீட்டர் நீளம். நாய் அந்தக் கயிற்றின் முழு நீளத்துக்கும் ஓட ஒரு நொடியோ இரண்டு நொடியோ போதும். 25-இல் வரும் உங்களால் அதற்குள் நிற்க முடியாது, 12-இல் வந்தால் முடியும். அன்று நீங்கள் விழுந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

இலையுதிர் காலத்தில் இந்தக் கணக்கும் உதவாது. நான் அந்தப் பாதைக்கு வந்த இரண்டாம் வருடம், அக்டோபர் மாதக் காலை. ஒருவர் தன் ஸ்பானியல் நாய்க்குப் பந்து எறிந்தார். பந்து பாதையைத் தாண்டி மறுபக்கப் புதருக்குள் போனது, நாய் அதன் பின்னால் பாய்ந்தது. நான் பிரேக் பிடித்தேன். ஈர இலைமேல் முன்சக்கரம் சறுக்கி, தோள் எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மனிதர் ஈரத் தரையில் என் பக்கத்திலேயே, தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கை நடுங்கியது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று முதல் நாய் வைத்திருப்பவர்களை எதிராளியாக நினைக்க என்னால் முடியவில்லை.

சரி, விதிகளுக்கு வருவோம். பிரிட்டனில் 'ஹைவே கோட்' என்கிற சாலை விதித்தொகுப்பு 1931-லிருந்து இருக்கிறது. 2022 ஜனவரி 29 அன்று அதில் பெரிய மாற்றம் வந்தது. யாரால் யாருக்கு அதிகத் தீங்கு விளைய முடியுமோ அவருக்கே அதிகப் பொறுப்பு என்று வரிசைப்படுத்தினார்கள். லாரிக்காரர் காருக்கும், கார்க்காரர் சைக்கிளுக்கும், சைக்கிள்காரர் நடப்பவருக்கும் பொறுப்பு. 'ஹெச் 2' விதி பொதுப் பாதையில் சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. விதி 63 இன்னும் விளக்கமானது: தேவையான இடத்தில் வேகத்தைக் குறை, பெல் அடித்தோ மரியாதையாகக் குரல் கொடுத்தோ நீ வருவதைத் தெரிவி, நெருக்கி உரசிக்கொண்டோ வேகமாகவோ கடக்காதே, அதுவும் பின்னாலிருந்து வரும்போது. நாய்க்காரருக்கும் விதி உண்டு. விதி 56, சைக்கிள்காரரோ குதிரைக்காரரோ சேர்ந்து பயன்படுத்தும் பாதையில் நாயைக் குட்டைக் கயிற்றில் பிடிக்கச் சொல்கிறது. ஆகவே அந்த அம்மா செய்ததும் விதிக்குப் பொருந்தாது.

இந்த மூன்று விதியிலும் 'செய்ய வேண்டும்' என்று இருப்பது அறிவுரைதான். மீறினால் அதற்காகவே அபராதம் போட மாட்டார்கள். ஆனால் விபத்து நீதிமன்றத்துக்குப் போனால் யார் விதித்தொகுப்பைப் பின்பற்றினார், யார் பின்பற்றவில்லை என்பதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். பல உள்ளாட்சி மன்றங்கள் 2014-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் சில இடங்களில் நாயைக் கயிற்றில் பிடித்தே ஆக வேண்டும் என்று தனி உத்தரவு போட்டிருக்கின்றன. அதை மீறினால் அபராதம் உண்டு. உங்கள் பகுதிக்கு என்ன உத்தரவு என்பது பாதை நுழைவாயிலில் உள்ள பலகையில் இருக்கும்.

பெல் விஷயத்தை நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ சைக்கிள் பெல் என்றால் 'வருகிறேன்' என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. அடிப்பவருக்கும் கூச்சம் இல்லை, கேட்பவருக்கும் வருத்தம் இல்லை. இங்கே சிலர் காதில் அது 'தள்ளு' என்று விழுகிறது. இன்னொரு பக்கம், பெல்லே அடிக்காமல் உரசிப் போனால் 'ஒரு பெல் அடிக்கக்கூடாதா' என்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழிதான்: தொலைவில் மெதுவாக ஒரு முறை பெல், பக்கத்தில் வந்ததும் குரல். புதிய சைக்கிளை விற்கும்போது பெல்லோடு விற்க வேண்டும் என்று 2010-ஆம் வருட ஒழுங்குமுறை சொல்கிறது. வாங்கியபின் அதைக் கழற்றி எறிவது குற்றம் இல்லை, ஆனால் தயவுசெய்து கழற்றாதீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெல் அடித்தவுடன் என்ன நடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நாய்க்காரர் திடுக்கிட்டுத் திரும்புகிறார். சைக்கிளைப் பார்க்கிறார். பாதுகாப்புக்காக நாயைத் தன்னிடம் கூப்பிடுகிறார். நாய் மறுபக்கத்தில் இருந்தால், கூப்பிட்ட சொல்லுக்குக் கட்டுப்பட்டு நேராகப் பாதையைக் கடந்து ஓடி வருகிறது, உங்கள் சக்கரத்துக்கு முன்னால். அதாவது நாயைக் குறுக்கே வரவழைப்பதே உங்கள் பெல்தான். நல்ல பழக்கம் உள்ள நாயாக இருந்தால் இன்னும் வேகமாக வரும். நான் கண்ட நெருக்கடிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வந்தன. 10 மீட்டரில் அடிக்கும் பெல் இந்த ஆபத்தை உண்டாக்குகிறது. 30, 40 மீட்டரில் அடித்தால் நாய் கடந்து முடித்து, கயிறு சுருங்கி, அவர் ஓரமாக ஒதுங்கி நிற்க நேரம் கிடைக்கிறது.

ஆகவே நான் செய்வது இது. நாய் கண்ணில் பட்டதுமே மிதிப்பதை நிறுத்திவிடுவேன். சும்மா உருளும்போது பின்சக்கரத்திலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். நம்மைவிடக் கூர்மையான காது உள்ள நாய், மனிதருக்கு முன்பே அதைக் கேட்டுவிடும். காது பின்பக்கம் திரும்பினால் நாய்க்கு நான் வருவது தெரிந்துவிட்டது. அப்புறம் ஒரு முறை பெல். மனிதரின் தலை அசைகிறதா என்று பார்ப்பேன். அசையவில்லை என்றால் காதில் ஏதாவது மாட்டியிருக்கலாம், காது கேளாதவராகவும் இருக்கலாம். அப்போது நடக்கும் வேகத்துக்கு வந்து, பக்கத்தில் போய் "குட் மார்னிங், பைக் பிஹைண்ட் யூ" என்பேன். "ஆன் யுவர் ரைட்" என்று சொல்லாதீர்கள். 'ரைட்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்து, பாதிப் பேர் வலப்பக்கமே நகர்வார்கள்.

கயிறு கண்ணில் படாது, அதனால் கயிற்றைத் தேடாதீர்கள், கையைப் பாருங்கள். கை உடம்போடு ஒட்டித் தொங்கினால் கயிறு குட்டை. கை முன்னாலோ பக்கவாட்டிலோ நீண்டு, பிடியில் தடிமனான பெட்டி மாதிரி ஒன்று இருந்தால் அது சுருள் கயிறு. அந்தக் கை காட்டும் திசையில் எங்கேயோ நாய் இருக்கிறது. மனிதருக்கும் நாய்க்கும் நடுவே போகவே போகாதீர்கள், இடம் எவ்வளவு அகலமாகத் தெரிந்தாலும் சரி. நாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு மறுபக்கமாக, மனிதரை ஒட்டிய பக்கமாகக் கடக்க வேண்டும். நாய்க்கும் உங்களுக்கும் இடையில் மனிதர் இருப்பார். அந்த இடைவெளி அமையாவிட்டால் காத்திருங்கள். பின்னால் பத்து நொடி மெதுவாக உருண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. நான் ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாய்க்கும் வேகத்தைக் குறைத்து, 'தேங்க்யூ' சொல்லிப் போனதில் வேலைக்குப் போகும் அரைமணிப் பயணம் இரண்டு நிமிடம்கூடக் கூடவில்லை.

கயிறே இல்லாத நாயாக இருந்தால்? நடக்கும் வேகம். அவ்வளவுதான். அது இந்தப் பக்கம் வருமா அந்தப் பக்கம் போகுமா என்று ஊகித்து வளைந்து போகப் பார்க்காதீர்கள். ஊகம் தப்பினால் இடிப்பீர்கள்.

துரத்தும் நாயைக் கண்டு பலர் வேகமாக மிதிக்கிறார்கள். அது நேர் எதிரான விளைவைத் தரும். நாயின் கண்ணுக்கு நம்மைப்போல எல்லா நிறமும் தெரியாது. நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பு மங்கிப்போகும். ஆனால் அசைவை மிக நன்றாகப் பிடிக்கும். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. பார்டர் கோலி போன்ற ஆடு மேய்க்கும் இனங்களைத் தலைமுறை தலைமுறையாக ஓடுவதன் பின்னால் போகவே வளர்த்திருக்கிறார்கள். நாய் துரத்தினால் நில்லுங்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். உதைக்காதீர்கள், கத்தாதீர்கள், கண்ணோடு கண் வைத்து முறைக்காதீர்கள். ஓடும் பொருள் நின்றதும் பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வம் போய்விடும். சொந்தக்காரர் வந்து பிடித்த பிறகு ஏறுங்கள்.

இனி நாயோடு வருபவர்களுக்கு. நீங்கள் நாய் வளர்க்கவில்லை என்றாலும் படியுங்கள், அவர்கள் பக்கம் புரியும். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல முடிந்தால் நான் சொல்வது: நாயும் நீங்களும் பாதையின் ஒரே பக்கத்தில் இருங்கள். சுருள் கயிறு திறந்த மைதானத்துக்கு நல்லது. பொதுப் பாதைக்கு வந்ததும் பொத்தானை அழுத்தி ஒரு மீட்டரில் பூட்டிவிட வேண்டும். அந்த மெல்லிய நாடா சக்கரத்தில் சிக்கினால் சைக்கிள்காரர் விழுவதோடு போகாது, நாயின் கழுத்தும் இழுபடும், பிடித்திருப்பவர் விரலையும் அறுத்துவிடும்.

சைக்கிள் நெருங்கிவிட்ட பிறகு நாய் மறுபக்கம் இருப்பதைக் கண்டால் 'வா' என்று கூப்பிடாதீர்கள். 'நில்' என்று சொல்லுங்கள், அல்லது நீங்களே நாயிடம் போங்கள். நாய்க்கு 'வா' சொல்லிக்கொடுக்காதவர்கள் குறைவு. 'நின்ற இடத்திலேயே நில்' என்பதைச் சொல்லிக்கொடுப்பவர்கள்தான் குறைவு. பொதுப் பாதையில் நாயின் உயிரைக் காப்பாற்றும் சொல் அது.

கருப்பனுக்கு அதைப் பழக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. குட்டியில் அவனுக்கு சைக்கிள் என்றால் பைத்தியம். குரைத்துக்கொண்டு கயிற்றை இழுப்பான். அதட்டிப் பார்த்தேன், பயனில்லை. சைக்கிளும் என் அதட்டலும் சேர்ந்து அவனை இன்னும் கலவரப்படுத்தியது. பிறகு தொலைவிலிருந்து தொடங்கினேன். பாதையிலிருந்து 20 மீட்டர் தள்ளிப் புல்லில் உட்காருவோம். சைக்கிள் ஒன்று போகும்போது அவன் அதைப் பார்த்து, குரைக்காமல் என் பக்கம் திரும்பினால் ஒரு துண்டு சீஸ். அடுத்த சைக்கிளுக்கு இன்னொரு துண்டு. குரைத்தால் திட்டு கிடையாது, இன்னும் ஐந்து மீட்டர் பின்னால் போய்விடுவோம். வாரத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் என்று நெருங்கி வந்தோம். இன்று பெல் சத்தம் கேட்டால் கருப்பன் புல் ஓரமாக வந்து என் முழங்காலைப் பார்த்து நிற்கிறான், சீஸுக்காக. பெல்லுக்கு அவன் தெரிந்துகொண்ட அர்த்தம் அது.

பந்து எறிவதைப் பற்றி எலும்பு முறிந்தவனாகச் சொல்கிறேன்: பாதைக்குக் குறுக்கே ஒருபோதும் எறியாதீர்கள், பாதைக்குப் பக்கத்திலும் வேண்டாம். பந்தின் பின்னால் ஓடும் நாய்க்குச் சைக்கிள் தெரியாது, உங்கள் குரலும் கேட்காது.

மாலை நான்கு மணிக்கே இருட்டும் டிசம்பரில் கருப்பு லாப்ரடார் என்பது சாலையில் கிடக்கும் நிழல் மாதிரி. சைக்கிள் விளக்கு அடித்தும் தெரியாது. அதனால் கருப்பனுக்கு விளக்கு வைத்த கழுத்துப்பட்டை போட்டிருக்கிறேன். சைக்கிள்காரர்களும் விளக்கைத் தரையைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, அவர் நாயை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் ஆக்கிவிடும். ஸ்டேபிள் ஹில் சுரங்கத்தில் இன்னொரு சிக்கல், பெல் எதிரொலிக்கிறது. சத்தம் முன்னாலா பின்னாலா என்று மனிதருக்கும் பிடிபடாது, நாய்க்கும் பிடிபடாது. உள்ளே நான் பெல்லைவிடக் குரலையே நம்புகிறேன்.

சில நாய்களைக் கண்டால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பர்கண்டி என்கிற கருஞ்சிவப்பு நிறச் சட்டை போட்ட நாய் வந்தால் அது காது கேளாதவருக்கு உதவும் நாய். உங்கள் பெல்லால் பயனில்லை, அவர் பார்வைக்குள் வந்து மெதுவாகக் கடக்க வேண்டும். கைப்பிடி வைத்த வெள்ளைச் சேணம் பூட்டிய நாய், பார்வை இல்லாதவரை வழிநடத்துகிறது. சேணத்தில் சிவப்பும் வெள்ளையும் கலந்திருந்தால், அல்லது வெள்ளைக் கோலில் சிவப்புப் பட்டை இருந்தால், அவருக்குப் பார்வையும் இல்லை, செவியும் இல்லை. அவரிடம் ஒதுங்கச் சொல்லவோ, கேட்கவோ வழியே கிடையாது. நின்று, அவர் போன பிறகு போங்கள். வழிநடத்தும் நாயை நோக்கி விசில் அடிப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எதுவும் கூடாது. அதன் கவனம் சிதறினால் அவர் விழுவார்.

ஒருவேளை இடித்துவிட்டால். மனிதருக்குப் பலமான அடி என்றால் அவசர உதவிக்கு 999-ஐ அழையுங்கள். நாய்க்கு அடிபட்டால் அதன் முகத்தருகே கை கொண்டுபோகாதீர்கள், வலியில் சாதுவான நாயும் கடிக்கும். எழுந்து ஓடினாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், உள்ளே இரத்தம் கசிவது வெளியே தெரியாது. இருவரும் பெயரும் தொலைபேசி எண்ணும் மாற்றிக்கொள்ளுங்கள், இடத்தைப் படம் எடுங்கள். அங்கேயே நின்று யார் தப்பு என்று பேசாதீர்கள். நாய் கடித்திருந்தால் ஓடும் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நம்மில் பலருக்கு உடனே வெறிநாய்க்கடி பயம் வரும். பிரிட்டனில் வளர்ப்பு நாய்களிடம் வெறிநோய் இல்லை. இங்கே கவலை சீழ் பிடிப்பதும் டெட்டனஸும்தான். ஆனால் ஊருக்குப் போயிருக்கும்போது தமிழ்நாட்டில் நாய் கடித்தால் இந்த நிம்மதியை நினைவில் கொண்டுவராதீர்கள். அங்கே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும்.

பணம் என்று வந்தால், நாய் உண்டாக்கிய சேதத்துக்குச் சொந்தக்காரர் பொறுப்பா என்பதை 1971-ஆம் வருட விலங்குகள் சட்டமும், கவனக்குறைவு பற்றிய பொதுச் சட்டமும் சேர்ந்து முடிவுசெய்யும். சைக்கிள்காரர் வேகமாக வந்திருந்தால் அவருக்குக் கிடைப்பதில் ஒரு பகுதியைக் குறைப்பார்கள். உங்கள் சிராய்ப்புக்கு இதெல்லாம் வேண்டாம். ஆனால் காப்பீடு எடுத்து வையுங்கள். 'சைக்கிளிங் யூகே' என்ற சைக்கிள்காரர்கள் அமைப்பில் உறுப்பினர் ஆனால் மூன்றாம் தரப்புக் காப்பீடு சேர்ந்தே வரும். நாய் வைத்திருப்பவருக்கு 'டாக்ஸ் ட்ரஸ்ட்' என்ற நாய்நல அமைப்பில் உறுப்பினர் ஆனாலும் அப்படியே.

பாதையின் அகலத்தையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எல்லாப் பழியும் மனிதர்கள் தலையில் விழுவது நியாயம் இல்லை. 2020 ஜூலையில் அரசு வெளியிட்ட சைக்கிள் பாதை வடிவமைப்பு வழிகாட்டி, நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து போகும் பாதைக்குக் குறைந்தது 3 மீட்டர் வேண்டும் என்கிறது. மணிக்கு 300 சைக்கிளுக்கு மேல் போனால் 4.5 மீட்டர். நெரிசலான இடங்களில் சைக்கிளையும் நடப்பவரையும் பிரித்துவிடுவதே நல்லது என்பதும் அந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. நம் பாதை போட்ட காலத்தில் இவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஈஸ்டன் பக்கம் காலை எட்டரைக்குப் போய் நின்றால் 3 மீட்டர் எவ்வளவு குறைவு என்று தெரியும். அகலப்படுத்தச் சொல்லி உள்ளாட்சி மன்றத்துக்குக் கடிதம் எழுதும்போது சைக்கிள்காரரும் நாய்க்காரரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுவது நல்லது.

கடைசியாக, அந்த அம்மா. நாய் வைத்திருப்பவர்கள் கடிகாரம் மாதிரி. நாயின் வயிறும் மூத்திரப்பையும் நேரம் தவற விடாது. போன வாரம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் பார்த்தீர்களோ, அந்த நேரத்துக்கு அங்கே மறுபடி பார்ப்பீர்கள். பார்த்தால் 40 மீட்டரில் ஒரு பெல் அடித்து, இறங்கி, அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். நாயின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பாதையில் மனிதர் பெயர் தெரியாமல் நாயின் பெயர் மட்டும் தெரிந்தவர்கள் இருபது பேராவது இருக்கிறார்கள். அவர்கள் என் பெல் சத்தத்தைக் கேட்டதும் கயிற்றைச் சுருக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே கை தூக்குகிறார்கள்.